கம்பவுண்டர் அண்ணன் போடாத பாட்டுகள்

கல்யாண வீட்டில் சண்டை எந்த நேரத்தில் தொடங்கும் என்பது கம்பவுண்டர் அண்ணனுக்குத் தெரியும். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வருவதற்குள் ஒரு சின்ன இடைவெளி விழுமே, அதில்தான் என்பார். அதுவரை பாட்டுச் சத்தத்தில் அமுங்கிக் கிடந்த முணுமுணுப்பெல்லாம் அப்போதுதான் பக்கத்துப் பந்திக்குக் கேட்கும். பாயசத்தில் முந்திரியே காணோம் என்று மாப்பிள்ளையின் பெரியப்பா சொன்னது பெண்ணின் மாமன் காதில் போய் விழும். அப்புறம் அந்தப் பந்தலில் யாருக்கும் சாப்பாடு இறங்காது.

அந்த இடைவெளி விழக் கூடாது என்பதற்காகவே அவர் இரண்டு ரெக்கார்டு பிளேயர் வைத்திருந்தார். ஒன்றில் பாட்டு ஓடும்போதே இன்னொன்றில் அடுத்த தட்டை ஏற்றி, ஊசியை விளிம்பில் தயாராகப் பிடித்திருப்பார். இரண்டுக்கும் நடுவில் ரேடியோ மெக்கானிக்கிடம் சொல்லிச் செய்து வாங்கிய ஒரு ஸ்விட்ச். இந்தப் பாட்டின் கடைசி வயலின் அடங்கும்போதே அந்தப் பாட்டின் முதல் தபேலா எழுந்துவிடும். எங்கள் பக்கத்தில் அப்போது வேறு யாரிடமும் இப்படி ஓர் ஏற்பாடு இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இருந்திருந்தாலும் அதைச் சண்டை நிறுத்தும் கருவியாக நினைத்தவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை எழுதினால் எங்கள் நெசவாளர் தெருவிலேயே பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. திருத்தணி பஜாரில் ஒரு டாக்டரிடம் மருந்து கலந்து கொடுக்கிறவர், எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தவர், அவ்வளவுதான். கொக்கு மாதிரி ஒல்லியான ஆள். வெள்ளைச் சட்டையில் எப்போதும் ஸ்பிரிட் வாசனை. நான் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்த புதிதில், அந்த வாசனை வந்தாலே எனக்கு ஊசி போட வருகிறார் என்று கை கூசும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாட்டுப் போட வருகிறார் என்று புரிய கொஞ்ச நாள் ஆனது.

பாட்டுப் போடுவது அவருக்குத் தொழில் இல்லை. பஜாரில் மைக்செட் கடை தனியாக இருந்தது. தென்னைமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஊரையே எழுப்புவார்கள். இவர் தெரிந்தவர்கள் வீட்டு விசேஷத்துக்கு மட்டும்தான் போவார். வாடகை கிடையாது. வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும், கடைசிப் பந்தியில் இலை போட வேண்டும். அது தவறினால் கோபம் வரும். குழாய் ஸ்பீக்கர் ஏன் வாங்கவில்லை என்று யாரோ கேட்டதற்கு, "குழாய் ஊருக்குப் பாடும், பொட்டி பந்தலுக்குப் பாடும். என்னை ஊரா கூப்ட்டுது?" என்றார்.

அந்தப் பெட்டி ஸ்பீக்கர் வாங்கப் போன கதையை என் வீட்டுக்காரர் வருஷக் கணக்காகச் சொல்லிச் சிரிப்பார். கம்பவுண்டர் அண்ணன் துணைக்கு வா என்று அவரையும் காலை ரயிலில் மெட்ராசுக்கு அழைத்துப் போயிருக்கிறார். கடைக்காரர் தன் சரக்கின் பெருமையைக் காட்ட முழுச் சத்தமும் வைத்திருக்கிறார். இவர் குறைக்கச் சொன்னார். இன்னும் குறைக்கச் சொன்னார். பாட்டு கிட்டத்தட்டச் செத்துப்போன பிறகு கடையை விட்டு இறங்கி, ரிக்ஷாவும் சைக்கிளும் போகிற தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று காதைக் கொடுத்தாராம். கடைக்காரர் இவர் வாங்காமல் நழுவப் பார்க்கிறார் என்று நினைத்து ஆளை அனுப்பிவிட்டார்.

"கத்தறதுக்கு எல்லா ஸ்பீக்கரும் கத்தும்பா. மெதுவா பேசச் சொன்னாதான் அதோட யோக்கியதை தெரியும்" என்று திரும்பி வரும்போது விளக்கம் சொன்னாராம். வாங்கிக்கொண்டு வந்தது பார்க்க லட்சணமே இல்லாத, மூலை உடைந்த பெட்டி. ஆனால் அது பாடும்போது பந்தலில் பக்கத்து ஆளோடு பேச முடியும், பாட்டின் வார்த்தையும் கேட்கும். அந்தச் சுகம் என்னவென்று குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அவர் புத்திசாலித்தனத்தையே சொல்லிக்கொண்டிருந்தால் அவருக்கே பிடிக்காது. ஆரம்பத்தில் கையில் இருந்ததெல்லாம் பழைய காலத்துப் பெரிய தட்டுகள். தட்டில் தூசு படிந்தால் பாட்டு கரகரக்கும். மற்றவர்கள் துணியால் துடைப்பார்கள். இவர் கம்பவுண்டர் ஆயிற்றே! பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து, ஊசி போடுகிற இடத்தைத் துடைப்பதுபோல் அழுத்தித் துடைத்திருக்கிறார். அந்தக் காலத்துத் தட்டு அரக்கில் செய்தது. ஸ்பிரிட் பட்டதும் கரைந்து பஞ்சோடு வந்துவிட்டது. அவர் கல்யாணத்துக்கு மச்சான் வாங்கிக் கொடுத்த தட்டாம். "ஊசி போடறதுக்கு முன்னாடியே நோயாளி காலி" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். தெருவில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த கதை அது.

புதுப் பாட்டு வந்தால் உடனே வாங்கிவிடுவார். ஆனால் வாங்கிய ஜோரில் போட்டுவிட மாட்டார். "புதுசா ஒன்னு போடணும்னா பழசு மூணுக்கு நடுவுல வெக்கணும். மாத்திரைய வாழப்பழத்துல வெச்சிக் குடுக்கற மாதிரி" என்பார். விசேஷத்துக்கு முதல் நாளே அந்த வீட்டுக்குப் போய், ஒயர் இழுக்க இடம் பார்க்கிற சாக்கில் யார் யார் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்று விசாரித்து வைத்துக்கொள்வார். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் பாதிப் பந்தல் தமிழ், பாதிப் பந்தல் தெலுங்கு. ஒரு தடவை நகரிப் பக்கத்திலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், தாம்பூலத் தட்டை முதலில் தனக்கு நீட்டவில்லை என்று மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சமாதானத்துக்கு ஆள் மேல் ஆள் போய்த் தோற்றுத் திரும்பினார்கள். கம்பவுண்டர் அண்ணன் பெட்டியைக் கிளறி ஒரு பழைய தெலுங்குப் பாட்டை எடுத்துப் போட்டார். முதல் சரணத்தில் பெரியவர் கால் கட்டைவிரல் ஆடியது. இரண்டாவது சரணத்தில், "கொஞ்சம் மோர் குடும்மா" என்று என்னிடமே கேட்டார்.

இதுதான் அவர். தட்டைப் பார்ப்பதைவிட முகத்தைப் பார்ப்பதுதான் அதிகம். பாட்டு நன்றாக இருக்கிறதா என்று அவர் யோசித்து நான் பார்த்ததில்லை. இந்தப் பாட்டு அந்த ஆளுக்கு எப்படி இருக்கும் என்பதே யோசனை. வீட்டில் பாட்டுக் கேட்கவே மாட்டாராம், அவர் மனைவி சொல்வாள். கேசட் வந்தபோது எல்லாரும் வாங்கச் சொன்னார்கள். "கேசட்டுல வரிசைய முன்னாடியே முடிவு பண்ணிட்றான். பந்தல்ல யாரு வந்து குந்துவாங்கன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியிலும் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஊரில் யார் வீட்டில் என்ன துக்கம், யாருக்கு எந்த நாளிலிருந்து தூக்கம் வரவில்லை என்பதெல்லாம் மருந்துச் சீட்டோடு அவரிடம் வந்து சேரும். அது பாட்டுப் பெட்டிக்குள்ளும் போய்ச் சேர்ந்தது. ஒரு வீட்டுக் கல்யாணத்தில் ஓடிய பாட்டு, அந்தப் பெண் தாலி அறுத்து வந்த பிறகு அவள் இருக்கும் பந்தலில் ஓடாது. "அது அவங்க வீட்டுப் பாட்டு" என்று சொல்லித் தட்டைப் பெட்டியின் அடிக்குத் தள்ளிவிடுவார். ஒவ்வொரு தெருவுக்கும் போடக் கூடாத பாட்டு என்று சில இருந்தன. எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை, எல்லாம் தலைக்குள்தான். வருஷம் ஏற ஏறத் துக்கங்களும் ஏறுமல்லவா? ஆகவே பழைய பாட்டுகள் ஒவ்வொன்றாகக் கழிந்து, புதிது வாங்க வேண்டியிருந்தது. புதுசு புதுசாகப் போடுகிறார் என்று ஊர் மெச்சிக்கொண்டது. காரணம் எங்கள் தெருக்காரர்களுக்கு மட்டுமே தெரியும்.

எனக்குத் தெரிய வந்தது என் நாத்தனார் வசந்தாவால்.

வசந்தா என் வீட்டுக்காரரின் தங்கை. தறியில் உட்கார்ந்தால் ஆண்பிள்ளைகளுக்குச் சமமாக நெய்வாள், வாயும் அப்படித்தான். அவளுக்கு நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. கம்பவுண்டர் அண்ணன்தான் பாட்டு. அவள் நிச்சயப் புடவை கட்டிக்கொண்டு சபைக்கு வந்தபோது, ஊஞ்சலில் உட்கார்ந்து இரண்டு பேர் பாடுகிற ஒரு சினிமாப் பாட்டு ஓடியது. அப்போது அது எல்லா வாயிலும் இருந்த பாட்டு. எங்கள் தெருவில் அதற்கு ஊஞ்சல் பாட்டு என்றே பெயர். மாப்பிள்ளைப் பையன் பம்பாய்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவன். கல்யாணத்துக்கு லீவு சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனவன் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டுவிட்டான். என் மாமனார் அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு வந்து, அறுந்த நூலை முடிந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். "நைனா, சாப்ட வா" என்று வசந்தாதான் போய் எழுப்பினாள்.

அதற்குச் சில மாதம் கழித்து எதிர்வீட்டில் கல்யாணம். பந்தலில் மோர் கொடுத்துக்கொண்டிருந்தாள் வசந்தா. யாரோ கேட்டார்கள் என்று கம்பவுண்டர் அண்ணன் ஊஞ்சல் பாட்டைப் போட்டார். இரண்டு வரி ஓடியிருக்கும். வசந்தா மோர்த் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு எங்கள் வீட்டுக்குள் ஓடினாள். அவர் பார்த்துவிட்டார். பாட்டின் நடுவிலேயே ஊசியைத் தூக்கினார். இடைவெளி விழவே கூடாது என்கிற மனுஷன், அன்றைக்குப் பந்தல் முழுக்க அமைதியாகிப் போகும்படி கையில் ஊசியோடு நின்றார்.

அதன் பிறகு யார் ஊஞ்சல் பாட்டுக் கேட்டாலும் ஒரே பதில்: "அந்தத் தட்டு ஸ்பிரிட் பட்டுப் போச்சுப்பா." அவருடைய பழைய கதை ஊருக்கே தெரியுமாதலால் வெளியூர்க்காரர்கள் நம்பினார்கள். எங்கள் தெருவுக்கு மட்டும் உண்மை தெரியும். ஒரு பெண்ணின் மனசு நோகக் கூடாது என்று ஊரறிந்த பாட்டையே ஒருத்தர் ஒதுக்கி வைக்கிறாரே என்று எனக்கு அவர் மேல் உயிர். கூடப் பிறந்த அண்ணன் இல்லாத குறை எனக்கு அன்றோடு தீர்ந்தது.

வருஷங்கள் போயின. வசந்தாவுக்கு வந்த வரன்கள், நிச்சயம் நின்றுபோன பெண் என்று யாராவது காதில் போட்டதும் திரும்பிப் போயின. அவளுக்கு முப்பதை நெருங்கியது. என் மகன் காதுகுத்துக்கு, கனகம்மாசத்திரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவரையும் அவர் அக்காவையும் விருந்தாளி மாதிரி வரவழைத்தோம். பெண் பார்ப்பதாக இருக்கக் கூடாது, பார்த்ததாகவும் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. இதுவும் போனால் என் மாமனார் அடுத்த இடம் தேடுகிற தெம்பில் இல்லை. எனக்குப் பந்தல் வேலையில் கை ஓடியதே தவிர, மனசெல்லாம் அந்த அக்கா உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே இருந்தது.

அந்த அம்மாள் நல்ல மாதிரி. வசந்தாவிடம் நெசவு பற்றியெல்லாம் கேட்டுப் பேசினார். பிறகு சந்தோஷமாகவே பாட்டுப் பெட்டி பக்கம் திரும்பி, "ஏங்க, ஊஞ்சல்ல குந்திகினு பாடுவாங்களே, அந்தப் பாட்டு இருந்தா போடுங்களேன். எங்க ஊர்ல அது இல்லாம விசேஷமே இல்ல" என்றார்.

"அந்தத் தட்டு ஸ்பிரிட் பட்டுப் போச்சும்மா" என்றார் கம்பவுண்டர் அண்ணன்.

சொல்லி வைத்த மாதிரி பந்தலில் இருந்த எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் வசந்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி உச்சுக்கொட்டினாள். கடைசி வீட்டுக்காரி முந்தானையால் கண்ணையே துடைத்துக்கொண்டாள்.

"இன்னாங்க, தட்டு போச்சுன்னா எல்லாரும் அந்தப் பொண்ண ஏன் பாக்கறாங்க?" என்று அந்த அக்கா என்னைக் கேட்டார்.

வசந்தா நேராகப் பாட்டு மேசைக்குப் போனாள்.

"அண்ணா, அந்தப் பாட்டப் போடுங்க."

"வேணாம் வசந்தா. நீ உள்ள போ."

"அந்தத் தட்டு நல்லாதான் இருக்குதுன்னு எனக்குத் தெரியும். எடுங்க."

"உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்மா..."

"எனக்கா? எனக்கு இன்னாண்ணா கஷ்டம்? நீங்க அதப் போடாத போதெல்லாம்தான் எனக்குக் கஷ்டம். பாட்டு ஓடிச்சின்னா எல்லாம் பாட்டக் கேட்டுகினு இருப்பாங்க. நீங்க இல்லன்றீங்க, உடனே அத்தன பேரும் என்னப் பாக்கறாங்க. மறந்து போனவங்களுக்குக்கூட ஞாபகப்படுத்தறீங்க."

"அன்னிக்கி எதிர்வூட்டுக் கல்யாணத்துல நீ அழுதுகினு உள்ள ஓடினியே..." என்றார்.

"அழறதுக்கா ஓடினேன்? அடுப்புல பால் வெச்சிட்டு மறந்து வந்துட்டேன். பொங்கி அடுப்பே அணஞ்சி போச்சி. அண்ணி என்னத் திட்டினாங்களே, கேளுங்க."

திட்டியது எனக்கு ஞாபகம் இருந்தது. பால் பொங்கி வழிந்தது ஞாபகம் இருந்தது. அவள் அழுதாளா என்று நானும் அன்று முகத்தைப் பார்க்கவில்லை.

வசந்தாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "அந்தப் பாட்டு எனக்கு ரொம்பப் புடிக்கும்ணா. அவன் வர்றதுக்கு முன்னாடியே புடிக்கும். அவன் போவும்போது அதையுமா எடுத்துகினு போவணும்? என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

கம்பவுண்டர் அண்ணன் பெட்டியின் அடியிலிருந்து தட்டை எடுத்தார். ஒரு கீறல் இல்லை. குழந்தைகளுக்கு வலிக்காமல் ஊசி போடுகிற கை அது. அன்றைக்கு ஊசி தட்டின் மேல் இரண்டு தரம் துள்ளிய பிறகே பாட்டு எழுந்தது.

பாட்டு ஓடும்போதே வசந்தா போய் சைக்கிள் கடைக்காரரின் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கு முன்னாடி ஒருத்தரோட நிச்சயம் ஆச்சுங்க. அன்னிக்கி இந்தப் பாட்டுதான் ஓடிச்சு. அவரு பம்பாயில வேற கல்யாணம் பண்ணிகினாரு. யாராவது சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிட்றேன்" என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அந்த அம்மாள் சற்று நேரம் பாட்டைக் கேட்டார். "அவன் பண்ணதுக்குப் பாட்டு இன்னா செய்யும், பாவம்" என்றார். பிறகு, "நீ இன்னா செய்வ?" என்று அவள் கையைப் பிடித்தார். தை மாதம் கல்யாணம் நடந்தது. வசந்தா இப்போதும் கனகம்மாசத்திரத்தில்தான் இருக்கிறாள்.

கம்பவுண்டர் அண்ணனுக்கு அந்தக் காதுகுத்து நாள் மனசில் முள்ளாகத் தைத்துவிட்டது. வசந்தா கல்யாணத்துக்கு முன்பே, அந்த வருஷம் ஆடி மாதம், விசேஷங்கள் இல்லாமல் ஊரே மலைக்குப் போகிற காவடிகளைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், அவர் வீடு வீடாகப் போனார். தான் ஒதுக்கி வைத்த பாட்டுகளுக்கு உரியவர்கள் ஒவ்வொருவரையும் பார்த்து, "உங்களைக் கேக்காம ஒரு காரியம் பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்துக் கேட்டாராம். சிலருக்கு அவர் எந்தப் பாட்டைச் சொல்கிறார் என்றே தெரியவில்லை. மனைவியைப் பறிகொடுத்த ஒருவர், "அதக் கேட்டு எத்தினி நாளாச்சு, எங்க போனாலும் போட மாட்டேன்றாங்களேன்னு இருந்தேன்" என்று சொல்லி அழுதாராம். ஒரு பெண் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாளாம். இதையெல்லாம் என் வீட்டுக்காரர் வந்து சொல்லச் சொல்ல நான் சிரித்துக்கொண்டிருந்தேன். வயசாகிற காலத்தில் இந்த மனுஷனுக்கு வேறு வேலை இல்லையா என்று கேலிகூடச் செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தார். வசந்தாவைப் பற்றிப் பேச வந்திருப்பார் என்று காபி கலந்து கொடுத்தேன். அவர் குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, உனக்கும் ஒன்னு இருக்குது" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"உன் வளைகாப்புக்கு ஒரு தாலாட்டுப் பாட்டுப் போட்டேன். நீ சிரிச்சிகினே கேட்டுகினு இருந்த. அதுக்கப்புறம்... டாக்டர் கூட நானும்தான் உங்க வூட்டுக்கு வந்தேன் அன்னிக்கி. அதிலேர்ந்து நீ இருக்கற எடத்துல அதப் போடல."

என் மகனுக்கு முன்னால் எனக்கு ஒரு பெண் பிறந்து, பதினோராம் நாள் போய்விட்டாள். அதை நான் யாரிடமும் பேசுவதில்லை. அந்தத் தாலாட்டை அப்புறம் எங்கும் கேட்கவில்லை என்பது அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. பழைய பாட்டு, வழக்கொழிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. இத்தனை வருஷம், எத்தனை பந்தலில், என்னைப் பார்த்துப் பார்த்து அதைக் கீழே தள்ளியிருக்கிறார்! நான் மோர் கொடுத்துக்கொண்டும் வம்பு பேசிக்கொண்டும் நடமாடியிருக்கிறேன்.

"போடலாமா, வேணாமா? நீயே சொல்லும்மா. நானா முடிவு பண்ணக் கூடாது" என்றார்.

வசந்தா மாதிரி எதையாவது கணீரென்று சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

"வேணாண்ணா" என்றேன்.

"ஆங், சரிம்மா" என்றார். என் அழுகை ஓய்கிறவரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு ஆறிப்போன காபியை, சூடு பண்ணித் தருகிறேன் என்று சொல்லியும் கேட்காமல், அப்படியே குடித்துவிட்டுப் போனார்.